மையும் உதட்டுச் சாயமும் வைத்ததும் முகம் எடுப்பாவது ஏன்?

எல்லையோர பார்லர்:
கொழிஞ்சாம்பாறையில் பார்லர் வைத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கமும் பாலக்காட்டுப் பக்கமும் கல்யாண மேக்கப்புக்குப் போவேன். மாநிறப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் ஃபவுண்டேஷன் போட்டாலும் முகம் மந்தமாகத்தான் இருக்கிறது. இமை ஓரத்தில் மை இழுத்து, உதட்டில் அரக்குச் சிவப்பு வைத்ததும் சட்டென்று எடுப்பாகிவிடுகிறது. பார்ப்பவர் மூளையில் அப்போது என்னதான் நடக்கிறது? சித்தி, பெரியம்மா எல்லாரும் "இன்னும் ரெண்டு ஷேடு வெளுப்பா போடுங்க" என்றே நிற்கிறார்கள். பெண்ணின் முகம் வாடிப்போகிறது. அவர்களுக்குச் சொல்ல எனக்குப் பதில் வேண்டும்.

உளவியல் மாணவன்:
அக்கா, நீங்கள் பார்த்ததைத்தான் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற உளவியலாளர் அளந்து 2009-இல் எழுதினார். கண்ணும் உதடும் சுற்றியுள்ள தோலிலிருந்து எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்பதுதான் விஷயம். இந்த வேறுபாடு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்; மேக்கப் அதை இன்னும் கூட்டுகிறது. வயது ஏற ஏற அது குறையும். சீனா, லத்தீன் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ் என்று பல இடத்துப் பெண்களின் முகங்களை வைத்து 2017-இல் பார்த்தபோதும், வேறுபாடு கூடிய முகமே இளமையாகத் தெரிந்தது. கறுப்பினப் பெண்களுக்கும் அப்படியே.

மூளைக்கு முகம் என்று பிடிபட சுமார் 170 மில்லி விநாடி போதும். அழகாகத் தோன்றினால், கண்ணுக்கு மேலே மூளையின் முன்பக்க அடிப்பகுதியில் ஓரிடம் தூண்டப்படுகிறது. பிடித்த சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் மகிழ்கிற இடம் அது. அந்த முகம் சிரித்தால் தூண்டல் கூடுகிறது என்று 2003-இல் ஸ்கேன் செய்து காட்டினார்கள். அதனால் பெண்ணை வாட விடாதீர்கள்.

சித்தூர்க்காரன்:
நம்ம பக்கத்துக் கதகளியையே பாருங்கள். முகத்தில் பச்சை பூசும் நாயகர்களின் பச்சை வேஷத்தில் கண்ணைச் சுற்றித் தடிமனாகக் கறுப்பு, உதட்டில் சிவப்பு. போதாததற்குச் சுண்டப்பூ விதை வைத்துக் கண்ணையே சிவப்பாக்குவார்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் கண் அசைவு தெரிய வேண்டுமே.

உளவியல் மாணவன்:
இன்னொன்று அக்கா. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், மேக்கப் போட்ட பெண்களின் முகப் படத்தில் மேக்கப்பைக் கூட்டிக் குறைத்துப் பிடித்த அளவை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் போட்டிருந்ததைவிடக் குறைவாகவே பலரும் நிறுத்தினார்கள். ஆனால் மற்றவர்களுக்கு இன்னும் அதிகம் பிடிக்கும் என்று நினைத்தார்கள். சித்தி கேட்பது ஊருக்காகத்தான்.

மேக்கப் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண்ணும் உதடும் தோலிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பது அதில் புரிந்துவிடும்.

எல்லையோர பார்லர்:
பழைய படங்களை இப்போதே மாற்றிப் பார்த்தேன் தம்பி. வெளிர் ரோஸ் வைத்த முகத்தில் உதடு இருந்த இடமே தெரியவில்லை. அரக்குச் சிவப்பு வைத்ததில் வாயின் கோடு அப்படியே நிற்கிறது. வெளுப்பாகப் போட்டதில் கழுத்தும் முகமும் ரெண்டு ஆளாகத் தெரிகிறது. இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பார்லர் சுவரில் ஒட்டப்போகிறேன். கேட்கிற சித்திகள் முதலில் அதைப் பார்க்கட்டும்.