ஏ.எல் வருசம்: டியூட்டைத் தந்தவர்களும் ஒளித்தவர்களும்

மண்டூர், கணிதப் பிரிவு

ஏ.எல் (உயர்தரச் சோதனை) கூட்டாளிமாரைப் பற்றி எழுதச் சொன்னால் கட் அடித்த கதையும் பிரியாவிடைக் கதையும்தான் வரும். நான் கேட்பது வேறு. அந்தக் கடைசி வருசத்தில் டியூட் (டியூசனில் தரும் பாடத்தாள்), கொப்பி என்று கையில் இருந்ததை உங்களுக்குத் தந்தவர் யார், ஒளித்தவர் யார்? ஆளின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கட சோதனை கூட்டாளியையே போட்டியாளனாக்கி விடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம், பொறியியல் என்று போனால் 40 வீத இடங்கள்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டக் கோட்டா. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது. கொழும்பில் ஒருவன் எவ்வளவு எடுத்தாலும் எனக்குப் பெரிய நட்டம் இல்லை. ஒரே வாங்கில் பக்கத்தில் இருக்கிறவனின் இசட் புள்ளிதான் (அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) என்னை முந்தும். வீட்டிலும் காதுக்குள் சொல்லித்தான் அனுப்புவார்கள்: "எல்லாத்தையும் அவனுக்குக் காட்டாத."

என் கதை இது. ஓ.எல் (சாதாரண தரம்) முடித்ததும் கணிதம் படிப்பதற்காக மட்டக்களப்பு வாவியைக் கடந்து, கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பாடசாலை ஒன்றில் சேர்ந்தேன். விடிய எழும்பி, சைக்கிளைப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை எங்கட பக்கம் பாதை என்போம்) ஏற்றி, குருமண்வெளித் துறையில் இறங்கி மிதிக்க வேண்டும். வகுப்பில் இருந்தவர்கள் ஆறாம் ஆண்டில் இருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். யாருக்கு என்ன பட்டப்பெயர், யார் யாரோடு கதைப்பதில்லை, அதெல்லாம் அவர்களுக்குள் எப்போதோ முடிந்த விசயம். நான் வந்த மேற்குக் கரையின் பெயரையே எடுத்து எனக்கு 'படுவான்கரை' என்று பெயர் வைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லைதான். ஆனாலும் இடைவேளைக்குக் கன்ரீன் பக்கம் போகும்போது யாரும் திரும்பிப் பார்த்து "வாடா" என்றதில்லை.

பின்னேர டியூசன் முடியும்வரை நின்றால் கடைசிப் பாதை போய்விடும். அதனால் கடைசி அரை மணித்தியாலம் எனக்கு எப்போதும் தவறும். சேர் கணக்கைச் செய்து காட்டுவதும் அந்த அரை மணித்தியாலத்தில்தான். ஒருநாள் காலையில் என் மேசையில் நாலாக மடித்த தாள் ஒன்று கிடந்தது. முதல்நாள் செய்த இணைந்த கணிதக் கணக்குகள் அத்தனையும், காபன் தாள் வைத்து எழுதியது. நீல எழுத்து. வர்க்கமூலக் குறி போட்ட இடங்களில் அமத்தி எழுதித் தாள் கிழிந்திருந்தது. எழுதியவன் வகுப்பில் முதலாம் இடத்துக்கு மல்லுக்கட்டுகிறவன். அதுவரை அவனோடு நான் முகம்கொடுத்துக் கதைத்ததே குறைவு. "என்னடா இது?" என்று கேட்டேன்.

"நான் எப்படியும் எழுதத்தானே வேணும். கீழ ஒரு தாள் வைச்சா என்ன குறையப் போகுது?"

அவ்வளவுதான். புறகு ஒவ்வொரு கிளாசுக்கும் காபன் தாள் வந்தது.

2022 எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூன், ஜூலையில் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அந்த வருசத்து ஏ.எல் 2023 ஜனவரி 23ஆம் திகதிதான் தொடங்கியது. டியூசன் சேரும் வர வழியில்லாத நாட்களில், அவன் வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பேர் கூடிக் குப்பி போட்டோம், அதாவது ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்தோம். ஆளுக்கொரு பகுதி. இயக்கவியலை என் தலையில் கட்டினார்கள். சார்பு வேகக் கணக்குக்குப் பாதையையும் வாவி நீரோட்டத்தையும் வைத்துப் படம் கீறி விளங்கப்படுத்தினேன். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். வாங்கிக்கொண்டே இருந்த காலத்தில், நன்றி இருந்தாலும் ஒரு கூச்சம் விட்டுப் போகவில்லை.

இருட்டிய பிறகு அவனுடைய அம்மா எட்டிப் பார்த்து, "மனே, இந்த நேரத்தில பாதை எங்க? சாப்பிட்டுட்டு இங்கயே படு" என்பார். அவரும் வரிசையில் நின்றுதான் மண்ணெண்ணெய் வாங்கியவர். ஒருநாளும் விளக்கைத் தணியுங்கள் என்று சொன்னதில்லை.

அவனுக்குப் பொறியியல் கிடைத்தது. நான் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டப்போய் நின்றுவிட்டேன். "அவன் இல்லாட்டி அந்த இடம் உனக்குத்தான்டா" என்று ஊரில் ஒரு மாமா சொன்னார். அவன் இல்லாவிட்டால் நான் அந்தளவுக்குக் கிட்டவும் போயிருக்க மாட்டேன் என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

சாய்ந்தமருது, வர்த்தகப் பிரிவு

எனக்கு ஒளித்த கதைதான் இருக்கு. மூன்றாம் ஆண்டில் இருந்து ஒரே வாங்கில் இருந்த கூட்டாளி. கணக்கீட்டுக்குக் கல்முனையில் சனிக்கிழமை கிளாஸ் ஒன்றுக்குப் போய்க்கொண்டு, "உம்மாக்குச் சுகமில்ல, வீட்டு வேலை" என்று எனக்குச் சொல்லி வந்திருக்கிறாள். அடிமட்டம் எடுக்க அவட பேக்கைத் திறந்தபோது டியூட் கட்டு வெளியே வந்தது. முகப்பில் திகதியும் இருந்தது. நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கதைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாலு பெண் பிள்ளைகள், வாப்பா கட்டாரில், மூத்தவள் கம்பஸ் போகவேண்டும் என்று வீடு முழுக்க அவள் தலையில் ஏறி இருந்தது.

எனக்குக் கைகொடுத்தது இரண்டாந்தரம் எழுத வந்த ஒரு தாத்தா. (வெளியூர்க்காரருக்கு: எங்கட பக்கம் அக்காவைத் தாத்தா என்போம்.) இரண்டாந்தரம் எழுதுகிறவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. யூனிபோம் இல்லை, வகுப்பு இல்லை, டியூசன் கொட்டிலில் கடைசி வாங்குதான். நானும் அந்த நேரம் கடைசி வாங்குக்குப் போயிருந்தேன். கடந்தகால வினாத்தாள்களை வருச வாரியாகக் கோர்த்த பைலை அப்படியே தூக்கித் தந்து, "சிவப்புப் பேனையால வட்டம் போட்டது எல்லாம் நான் போன தரம் பிழை விட்டது. அதுல மட்டும் கவனமா இரி" என்றா. யார் அப்படித் தன் பிழைகளை இன்னொருத்திக்குக் காட்டுவார்கள்? ஒலுவில் கம்பஸுக்கு (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருசம்தான் போனோம்.

காரைதீவு, கலைப் பிரிவு

2024 வெள்ளத்துக்குள் எழுதியவள் நான். நவம்பர் 25 சோதனை தொடங்கி, 27ஆம் திகதி நிறுத்தி, டிசம்பர் 4ஆம் திகதி திரும்பத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்மம்மா அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் ரைஸ் குக்கருக்குள் போட்டு மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டா. கொப்பிகளை யாரும் நினைக்கவில்லை. இந்து நாகரிகக் கொப்பி களி மாதிரி ஆகிவிட்டது.

வட்சப் குரூப்பில் நிறையப் பேர் "கவலைப்படாத" என்று போட்டார்கள். ஒருத்தி மட்டும் அவட அக்காவின் பழைய கொப்பியைத் தேடி எடுத்து, வொய்ஸ் மெசேஜாக வாசித்து வாசித்து அனுப்பினாள். அவள் அந்தப் பாடம் எடுக்கவே இல்லை. சொற்களைத் தப்புத்தப்பாக உச்சரிப்பாள், பின்னால் தம்பி அழுவான். ஒரு மெசேஜில் நடுவில் நிற்பாட்டி, "இரு கா, இங்கயும் தண்ணி ஏறுது, கட்டில்ல ஏறி இருந்து வாசிக்கிறன்" என்கிறாள். போன் மாறிய பிறகும் அதை அழிக்கவில்லை.

மண்டூர், கணிதப் பிரிவு

சாய்ந்தமருது, அந்த பைல் இப்ப எங்க?

சாய்ந்தமருது, வர்த்தகப் பிரிவு

அதை ஏன் கேட்கிறீங்க. தாத்தாட தங்கச்சி இந்த வருசம் எழுதுறாவாம், பைலைத் தா என்று போன கிழமை கோல் எடுத்தா. நான் அதை எப்பவோ எங்கட தெருப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை நிந்தவூரில் யாருக்கோ கொடுத்திருக்கு. இப்ப வீடு வீடாகத் தேடித் திரிகிறேன். சிவப்பு மட்டை, முதுகில் பச்சை டேப் ஒட்டினது. யாராவது கண்டால் சொல்லுங்க.