"இது எந்தத் தண்ணியில புள்ள?" – தழும்புக் கதைகள்

கல்லடிக்காரி:

என் வலது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நாவலடியில் மாமி வீட்டில் நின்றபோது தண்ணீரோடு வந்த கூரைத் தகரம் கிழித்தது. அப்போது எனக்குப் பத்து வயது. தைத்தவர்கள் அழகு பார்த்துத் தைக்கவில்லை. அன்றைக்கு யாருக்கு அதற்கு நேரம்? ஆறியபோது தடித்து, பூரான் ஊர்வது போல நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரே பூரான்தான். அதன்பிறகு எனக்கு நீளக்கைச் சட்டைதான், மட்டக்களப்புச் சித்திரை வெயிலிலும்.

போன வருசம் கல்முனை பஸ்ஸில் புழுக்கம் தாங்காமல் கையை மடித்துவிட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெத்தா (பாட்டி). மடியில் வெற்றிலைப் பை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்தத் தண்ணியில புள்ள?" என்று கேட்டார். குரலில் பாவம் பார்ப்பது இல்லை. மீன் என்ன விலை என்று கேட்பது போலத்தான் இருந்தது. எங்கள் ஊரில் அது கேட்க வேண்டிய கேள்விதான். 1957 வெள்ளத்தைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 வெள்ளத்தை நாங்களே கண்டோம்.

"சுனாமி" என்றேன்.

"நான் சூறாவளிக்காரி" என்று சேலைத் தலைப்பை விலக்கினார். உச்சியிலிருந்து காது வரை முடி முளைக்காத ஒரு கோடு. 1978 நவம்பர் 23 இரவு, ஓடு பறந்து வந்து இறங்கியதாம். மடியில் கைக்குழந்தை. "புள்ளைக்குப் பட இருந்தது. நான் குனிஞ்சன், எனக்குப் பட்டுது." அவ்வளவுதான் சொன்னார். மறுகா காத்தான்குடி தாண்டியும் தென்னைகளைப் பற்றித்தான் பேச்சு. எந்த வளவில் எத்தனை மரம் நின்றது, விடிந்து பார்க்க எத்தனை கிடந்தது என்று, நேற்று எண்ணியவர் போல.

ஆரையம்பதியில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, பூரான் மேலேயே பெருவிரலை ஒருதரம் ஓட்டி, "நல்லாப் பொருந்தியிருக்கு" என்றார். அம்மாகூட எண்ணெய் பூசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். இத்தனை வருசத்தில் அதை அப்படித் தொட்டவர் வேறு யாரும் இல்லை. அன்றைக்குச் சட்டைக் கையை இறக்கிவிடாமலே களுவாஞ்சிக்குடிவரை போனேன்.

உங்களுக்கும் இப்படி யாரையாவது சந்தித்த கதை இருந்தால் எழுதுங்கள்.

வட்டைக்காரன் (திருக்கோவில் பக்கம்):

எனக்கு இடது சுண்டுவிரலில் மூன்று வெட்டு. தாக்கத்தியால் கதிர் வெட்டியவர்களின் கையைப் பாருங்கள், அநேகமாக அதே இடத்தில்தான் இருக்கும். இடக்கை தாளைப் பிடிக்கும், வலக்கை அறுக்கும். பிடி பெருத்தால் சுண்டுவிரல் வெளியே நின்றுவிடும். சாரன் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அடுத்த பிடிக்குப் போக வேண்டியதுதான். இப்போது வயல் வட்டைக்குள் மெசின் இறங்கினால் மத்தியானத்துக்குள் வேலை முடிகிறது. என் மகனின் விரல்கள் பத்தும் பழுதில்லாமல் இருக்கின்றன. சந்தோசம்தான். ஆனால் என் விரலைக் காட்டி "என்னப்பா இது?" என்று அவன் கேட்டபோது ஏனோ நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

சந்தித்த கதை என்றால், கிளினிக் வரிசையில் ஒரு முதியவர். பேச்சே இல்லை. என் கையைப் பார்த்தார், தன் சுண்டுவிரலைப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டினார். ஐந்து வெட்டு. தோற்றுப்போனேன்.

மண்முனைத்துறை:

முழங்காலில் தழும்பு, மாமரத்தால் விழுந்தது. வீரம் ஒன்றும் இல்லை, கிளிச்சொண்டன் மாங்காய்க்கு ஆசைப்பட்டது. ஆனால் எனக்கு இருபது வயதானபோது, யுத்த காலத்தில், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து டவுனுக்கு வருகிற பொடியனின் உடம்பில் தழும்பு இருப்பது சின்ன விசயம் இல்லை. ஆமிச் சோதனையில் சாரனைத் தூக்கச் சொல்வார்கள். "இது எப்படி வந்தது?" பெத்தா கேட்ட அதே கேள்விதான், கேட்கிற ஆள்தான் வேறு. மாங்காய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மா அந்தப் பழைய ஆஸ்பத்திரித் துண்டைத் தேடி எடுத்து, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துத் தந்தார். பல வருசம் அந்தத் துண்டோடுதான் துறை கடந்தேன். எழுத்து அழிந்து வெறும் மஞ்சள் தாளாகும்வரை.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். இப்போது சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்தில் நடக்கிறேன். போன கிழமை தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னப் பொடியன் முழங்காலைப் பார்த்துக் கேட்டான். "மாங்காய்" என்றேன். உடனே நம்பிவிட்டான். அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாணல்:

எல்லாரும் எழுதுவதை வாசித்தேன். எனக்குக் கழுத்திலிருந்து தோள் வரை, குப்பி விளக்கு சரிந்ததால் வந்தது. பெருமை எல்லாம் இல்லை. பஸ்ஸில் யாராவது தொட்டால் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விடுவேன். அதையும் இங்கே எழுதி வைக்கலாம்தானே?

கல்லடிக்காரி:

எழுதலாம் நாணல். அந்தப் பெத்தாவுக்கு முன்னால் யாராவது தொட்டிருந்தால் நானும் எழும்பித்தான் போயிருப்பேன். இப்போதும் எல்லாரும் தொட விடுவதில்லை.

ஒரு விசயம் சொல்ல மறந்துவிட்டேன். இந்த வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மேக்கப் போட வந்த அக்கா, கேட்காமலே கையில் பூசத் தொடங்கினார். வேண்டாம் என்றேன். "படத்தில் விழும்" என்றார். விழட்டும் என்றேன். ஒரு மாதம் கழித்து அல்பம் வந்தது. புரட்டிப் பார்த்தால் கை மொழுமொழுவென்று இருக்கிறது. படம் எடுத்த தம்பி தன் பாட்டில் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார், நல்லது செய்வதாக நினைத்து. திருப்பிப் போடச் சொன்னேன். அழிப்பதற்குக் காசு எடுக்கவில்லையாம், மறுபடி பிரிண்ட் போடத்தான் காசு என்றார். கொடுத்தேன். பூரான் இப்போது தாலி கட்டுகிற படத்தில் தெளிவாக இருக்கிறது.