அனோரெக்ஸியா: பிள்ளைக்குக் கிடைத்த தெரபி எப்படி இருந்தது? உங்கள் அனுபவம்

ஒரு அம்மா:

மகளுக்கு 14 வயதில் அனோரெக்ஸியா நெர்வோசா என்று உறுதியானது; எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உணவுக் கோளாறு. காரணத்தைத் தோண்டித் துருவுவார்கள் என்று நினைத்துப் போனோம். தெரபிஸ்ட் அந்தப் பக்கமே போகவில்லை. "ஏன் வந்தது என்பது இப்போது வேண்டாம். இது உங்களால் வந்ததும் இல்லை. முதலில் எடை ஏறட்டும்" என்றார்.

குடும்பம் சார்ந்த சிகிச்சை என்று இதற்குப் பெயர். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானதால் மாட்ஸ்லி முறை என்றும் சொல்வார்கள். முதல் கட்டத்தில் சாப்பாடு என்ன, எவ்வளவு, எப்போது என்று எல்லாமே பெற்றோர் கையில். ஆனால் அதற்கு முன்னால் டாக்டர் நாடித்துடிப்பும் ரத்தமும் பார்த்தே ஆக வேண்டும். பட்டினி கிடந்த உடம்புக்குள் சாப்பாடு வேகமாகப் போனால் ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.

இரண்டாவது அமர்வுக்குச் சாப்பாட்டோடு வரச் சொன்னார். தட்டு அவள் முன்னால். "போதும்" என்று அவள் தள்ளிய பிறகு இன்னும் ஒரு வாயாவது சாப்பிட வைப்பதுதான் எங்கள் வேலை. கத்தினாள், அழுதாள். "பேசுவது உங்கள் மகள் இல்லை, நோய்" என்றார் தெரபிஸ்ட். கேட்க என்னவோ சினிமா வசனம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அவள்மேல் கோபப்படாமல் உட்கார எனக்கு உதவியது அதுதான். அவள் தம்பிக்குக் காவல் வேலை கொடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவளோடு விளையாடணும், அவ்வளவுதான்.

மீண்டு வந்த ஒரு பெண்:

நான் தட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவள், அக்கா. அப்போது எல்லோர் மேலும் வெறுப்புதான். தெரபிஸ்ட் ஒரு நாள் அமெரிக்காவில் நடந்த மினசோட்டா பட்டினி ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1944-45இல் ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், யாரோடும் ஒட்டாமை. அட, என் குணம் என்று நான் நினைத்ததில் பாதி பட்டினியின் குணம்! எடை ஏறிய பிறகு இரண்டாம் கட்டம். சாப்பாட்டு முடிவுகள் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் திரும்பின. மூன்றாம் கட்டத்தில்தான் நண்பர்கள், படிப்பு, வயதுக்குரிய பேச்செல்லாம் வந்தது.

ஒரு அப்பா:

எங்களுக்கு இது அவ்வளவு சுலபமாக அமையவில்லை. 2010இல் 121 வளரிளம் பிள்ளைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுமையாக மீண்டிருந்தவர்கள் குடும்ப முறையில் 49 சதவீதம், தனிநபர் தெரபியில் 23 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் மீதிப் பாதியில் என் மகனும் ஒருவன் என்றால் சதவீதத்தை வைத்து என்ன செய்ய?

ஒரே அறையில் உட்கார்ந்தாலே எங்கள் வீட்டில் சண்டை. அப்புறம் அமர்வுகளைப் பெற்றோருக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அவனுக்குத் தனியாக நர்ஸ் எடை பார்த்து, கொஞ்ச நேரம் பேசி அனுப்புவார். சத்தம் குறைந்தது, எடையும் ஏறியது. உடம்பைப் பற்றிய பயம் மட்டும் போகவில்லை. இப்போது உணவுக் கோளாறுக்கான சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் தனிநபர் தெரபி, தொடங்கியிருக்கிறோம். குடும்ப முறை ஒத்துவராத பிள்ளைகளுக்கு பிரிட்டனின் 2017 வழிகாட்டுதலும் இதைச் சொல்கிறது, 40 அமர்வுகள் வரை. இந்தத் தடவை அவனே கேட்டு வந்தான்.

அதே அம்மா:

தம்பி, நர்ஸ் பார்த்த எடையை மகனிடம் சொல்வார்களா? எங்களுக்கு ஒவ்வொரு அமர்வும் அந்த எண்ணில்தான் தொடங்கும், அவளும் பார்ப்பாள்.