பிரான்சில் மோட்டார் வண்டியே வராத சைக்கிள் பாதை: 12 நாளுக்கு எது தோதுப்படும்?

கொழிஞ்சாம்பாறை_இருசக்கரம் கேட்டது:

வணக்கம்ங்க. நானும் தம்பியும் வரும் செப்டம்பரில் பிரான்சில் 12 நாள் சைக்கிள் ஓட்டலாம் என்று இருக்கிறோம். பொள்ளாச்சி–பாலக்காடு ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியே பழகியவர்கள் நாங்கள். அங்கே போயும் அதே பாடு வேண்டாம். வயலும் கிராமமுமாகப் போகிற பாதை, கூடாரம் போட இடம், தினம் 45 முதல் 55 கி.மீ., இவ்வளவு போதும்.

மூன்று பாதை மனசில் இருக்கிறது: நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய், லுவார் ஆற்றங்கரை, தெற்கே கனால் து மிடி. மூன்றையுமே சைக்கிள் பாதை என்றுதான் போட்டிருக்கிறார்கள். இதில் எது நிஜமாகவே வண்டி வராதது? எங்களிடம் இருப்பது 700சி ஹைப்ரிட், 38 மி.மீ. டயர், டிஸ்க் பிரேக், பின் கேரியரில் இரண்டு பை. சைக்கிளை இங்கிருந்தே கொண்டுபோகிறோம். ரயிலில் ஏற்றுவது, மாற்றுச் சாமான், தண்ணீர், சாப்பாடு எல்லாம் சொல்லுங்க.

வேலந்தாவளம்_ரைடர்:

முதலில் இரண்டு பிரெஞ்சுச் சொல்லைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். 'வுவா வெர்த்' என்றால் பச்சை வழி. மோட்டார் வண்டிக்கு அனுமதியே கிடையாது. நடப்பவர், சைக்கிள், சில இடங்களில் குதிரை, அவ்வளவுதான். நீலச் சதுரப் பலகைதான் அடையாளம். 'வெலோரூத்' என்பது வேறு: ஊரிலிருந்து ஊருக்கு அடையாளம் போட்ட நெடும்பாதை. அதில் பச்சை வழியும் வரும், கார் ஓடும் கிராமச் சாலையும் வரும். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவதை நம்பி ஏமாற வேண்டாம்.

இந்தக் கணக்கில் லுவார் தள்ளிப்போகும். மொத்தம் சுமார் 900 கி.மீ., அழகில் குறையே இல்லை, ஆனால் கணிசமான பகுதி ஊர்ச்சாலை. கார் குறைவு என்பது வேறு, காரே இல்லை என்பது வேறு.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பொருந்துவது நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாய்தான். சுமார் 360 கி.மீ. பிரிட்டிஷ் கப்பற்படை கடலை மறித்த நெப்போலியன் காலத்தில், கடற்படைத் துறைமுகங்களை உள்நாட்டு வழியாக இணைக்கத் தொடங்கிய கால்வாய். படகைக் குதிரை கட்டி இழுத்த கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. அதனால் சரிவு மிக மென்மை. ஒவ்வொரு லாக்கையும் (தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் மதகு) தாண்டும்போது சில மீட்டர் ஏறுவீர்கள் அல்லது இறங்குவீர்கள், அவ்வளவே. லாக் மட்டும் 230க்கு மேல்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, நாந்த் நகரத்திலிருந்து முதல் 20 சொச்சம் கி.மீ. கால்வாயே இல்லை, எர்த்ர் ஆறு. அதற்கு இழுவைக்கரை கிடையாது, பாதை சாலை வழியாகத்தான் போகும். நாந்திலிருந்து நோர்-சூர்-எர்த்ர் வரை டிராம்-ட்ரெயின் (ரயில் தடத்தில் ஓடும் டிராம்) ஓடுகிறது, சைக்கிளை ஏற்றலாம். அந்தத் துண்டை அதில் கடந்துவிடுங்கள். இரண்டு, கெர்லெதான் அணை. 1930ல் முடிந்த அந்த அணை கால்வாயின் ஒரு பகுதியையே முழுக்கிவிட்டது. அங்கே பாதை கால்வாயை விட்டு விலகி, பழைய ரயில் தடத்தில் குவாரெக் பக்கம் போகும். ரயில் தடம் என்பதால் அதுவும் பச்சை வழிதான், பயமில்லை.

சித்தூர்ப்புழை:

வேலந்தாவளம் சொன்னது சரி. ஆனால் திசையை மாற்றச் சொல்லுவேன். அட்லான்டிக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். ஆனி, ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பார்த்து ஓட்டியவருக்குக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது தெரியும். பை கட்டிய சைக்கிளில் அது இரட்டிப்பு. அதனால் பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து கெம்பேர் வரை டிஜிவி என்ற அதிவேக ரயில், அங்கிருந்து ப்ரெஸ்ட் போகும் வட்டார ரயிலில், கால்வாயின் மேற்குக் கோடிப் பக்கமுள்ள ஷாத்தோலான். அங்கே ஆரம்பித்து கிழக்கே நோர்-சூர்-எர்த்ரில் முடியுங்கள். சாலைத் துண்டும் கடைசிக்குப் போய்விடும், அங்கே டிராம்-ட்ரெயின் இருக்கிறது.

ஷாத்தோலான், கரே, குவாரெக், பொந்திவி, ஜோஸ்லான், மாலெத்ருவா, ரெதோன், ப்ளான், நோர்: இந்த வரிசையில் போனால் எட்டு நாள் நிதானமாக ஆகும். க்ளோமெல் பக்கம்தான் உச்சி. கைதிகளை வைத்து மலையை வெட்டிய ஆழமான வெட்டு அங்கே இருக்கிறது, மெதுவாகக் கடக்க வேண்டிய இடம். ஜோஸ்லானில் கோட்டை கால்வாய்த் தண்ணீரை ஒட்டியே நிற்கும். மீதி நாளை மழைக்கும் ரயிலுக்கும் விட்டுவையுங்கள்.

தரை தார் அல்ல, இறுக்கிய சரளை மண். 38 மி.மீ. டயர் சரியான அளவு. காற்று 45–50 பிஎஸ்ஐ போதும். 70 அடித்தால் மணிக்கட்டு வலிக்கும், பின் கேரியர் போல்ட்டும் கழலும். அந்த அதிர்வில் முதலில் போவது அதுதான். கிளம்பும் முன் கழற்றி, நீல நிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். எம்5 போல்ட் நான்கு தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மண் குழம்பு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும், ஒரு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய்.

கோபாலபுரம்_ஸ்போக்:

கனால் து மிடியை நினைத்து மனசு ஊசலாட வேண்டாம். 240 கி.மீ. முழுதும் அழகுதான்; 1681ல் முடித்த வேலை, 1996ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் துலூசிலிருந்து கிழக்கே முதல் 50 கி.மீ. மட்டும்தான் நல்ல தார். அதற்கப்புறம் பல இடங்களில் ஒற்றையடித் தடம், பிளேன் மர வேர் குறுக்கே நிற்கும். பை கட்டிய சைக்கிளுக்கு ரிம் அடி வாங்கும், சக்கரக் கம்பி தெறிக்கும். வழவழப்பான தரைதான் முக்கியம் என்றால் துலூசிலிருந்து மேற்கே திரும்புங்கள். கரோன் கால்வாய், 193 கி.மீ., பெரும்பாலும் தார். காஸ்தே தாண்டி ஏற்ற இறக்கமுள்ள ஊர்ச்சாலை ஒரு துண்டு, பிறகு சோவ்தேரிலிருந்து போர்தோ வரை பழைய ரயில் தடத்தில் ரோஜெ லப்பெபி பாதை, 50 சொச்சம் கி.மீ. டயர் 32க்குக் கீழே இருப்பவருக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கு நாந்த்–ப்ரெஸ்டே போதும்.

விமானப் பெட்டி விஷயம், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெடலைக் கழற்றும்போது இடது பெடலுக்கு மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். முன் சக்கரத்தை எடுத்த பிறகு ஃபோர்க் காலுக்கு நடுவே பிளாஸ்டிக் முட்டு வையுங்கள், கடையில் புது சைக்கிள் பெட்டியிலிருந்து சும்மாவே தருவார்கள். டிஸ்க் பேடுக்கு நடுவே மடித்த அட்டை கட்டாயம். லிவர் தெரியாமல் அமுங்கினால் பிஸ்டன் வெளியே வந்து சக்கரம் ஏறாது. பின் டிரெய்லியரை (கியர் மாற்றும் பாகம்) கழற்றி பபிள் ராப்பில் சுற்றி ஃப்ரேமுக்குள் கட்டுங்கள், அதைத் தாங்கும் ஹேங்கர் வளைவது அங்கேதான். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு, அங்கே கிடைக்காது, ஒன்று உபரி. பவர்பேங்க், லித்தியம் விளக்கு எல்லாம் கைப்பையில். அடுப்பு கேஸ் டப்பா எந்தப் பையிலும் கூடாது, அங்கே டெகாத்லானில் வாங்கலாம். அங்கே குத்தும் வகை, கிளிக் வகை, மரை வகை மூன்றும் விற்கும். உங்கள் அடுப்பு மரை வகை என்றால் அதையே பார்த்து எடுங்கள்.

டியூபு: உங்கள் ரிம் ஓட்டை பெரியதா சின்னதா என்று இப்போதே பாருங்கள். பெரிய ஓட்டையில் மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூபைப் போடலாம், வாஷர் வேண்டும். சின்ன ஓட்டையில் பைக் டியூபு மாதிரித் தடித்த வால்வு நுழையவே நுழையாது.

கொழிஞ்சாம்பாறை_இருசக்கரம்:

ரொம்ப நன்றிங்க. ஷாத்தோலானிலிருந்து கிழக்கே என்று முடிவு பண்ணிவிட்டோம். டிஜிவியில் சைக்கிளை எப்படி ஏற்றுவது? தண்ணீர், கடை, கேம்ப் பற்றியும் சொல்லுங்க.

வேலந்தாவளம்_ரைடர்:

டிஜிவியில் இரண்டு வழி. சில வண்டிகளில் சைக்கிளுக்கென்று இடம் உண்டு, பயணச்சீட்டோடு சேர்த்தே முன்பதிவு செய்ய வேண்டும்; சீக்கிரம் தீர்ந்துபோகும். இல்லையென்றால் சக்கரம் கழற்றி மூடிய பையில், 1.3 மீட்டருக்கு 0.9 மீட்டருக்குள் அடங்கினால் சாமான் கணக்கில் போகும். வட்டார ரயிலில் பொதுவாக அப்படியே ஏற்றலாம். கோடையில் சில தடங்களில் அதற்கும் இடம் பிடிக்கச் சொல்வார்கள்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டக் குழாய். பெரும்பாலான ஊர்களில் உண்டு. பலகையில் 'நான் பொதாப்ள்' என்று இருந்தால் குடிக்கக் கூடாது, வெறும் 'பொதாப்ள்' என்று இருந்தால் குடிக்கலாம். கிராமக் கடை மத்தியானம் 12லிருந்து 2 வரை பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கேட்கவே வேண்டாம், திங்களும் பல பேக்கரிக்கு விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு நாளுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேம்புக்கு ஊராட்சி நடத்தும் 'கேம்பிங் முனிசிபால்' மலிவு. ஆனால் செப்டம்பர் நடுவிலேயே பல மூடிவிடும், அதனால் மாத ஆரம்பத்திலேயே கிளம்புங்கள். 'அக்கேய் வெலோ' பலகை போட்ட தங்குமிடங்கள் பாதையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் பழுது பார்க்கும் சாமானும் தருவார்கள். ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் சான்று கேட்பார்கள். ரத்து செய்யக்கூடிய அறைகளாக முன்பதிவு செய்து காட்டுங்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

இன்னும் இரண்டு. மணியும் முன் பின் விளக்கும் சட்டப்படி கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஒளிரும் மேல்சட்டை போட வேண்டும். காதில் இயர்ஃபோன் கூடாது. பாதை சாலையைக் கடக்கும் இடமெல்லாம் மோட்டார் நுழையாமல் கம்பித் தடுப்பு வளைத்து வைத்திருப்பார்கள். அகலமான பையோடு நேராகப் போனால் சிக்கும். இறங்கித் தள்ளுங்கள்.

சித்தூர்ப்புழை:

ஒரு ஒத்திகை. இங்கே ஆளியாறு கால்வாய்க் கரை மண் ரோட்டில் 12 கிலோ பையோடு, டயரில் 45 பிஎஸ்ஐயோடு, இரண்டு நாள் தொடர்ந்து 50 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் கேரியர் போல்ட், கம்பி இறுக்கம், சீட் போஸ்ட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். எது தளர்ந்திருக்கிறதோ அங்கேயும் அதுதான் தளரும்.