காரையில் சிப்பி, சாத்தனூரில் மரம்: அங்கே இருந்தது கடலா, காடா?

பெரம்பலூர் ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். மாணவர்களை எங்கள் மாவட்டத்துக் காரைக்கும் சாத்தனூருக்கும் அழைத்துப் போயிருந்தேன். காரையின் களிமண் பள்ளங்களில் சுருள் ஓடு கொண்ட கடலுயிரான அம்மோனைட்டின் துண்டுகளும், கணவாய் போன்ற கடலுயிரான பெலம்னைட்டின் பென்சில் முனை போன்ற எச்சங்களும் கிடந்தன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். "கடல் உயிரும் மரமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் எப்படி, மிஸ்? இங்கே இருந்தது கடலா, காடா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடப்புத்தகத்தில் இதற்கு விடை இல்லை. இன்னொன்று: கடல்நீர் வற்றும்போது படியக்கூடிய ஜிப்சம் காரையில் அவ்வளவு இருப்பதால், கடல் வற்றி உப்புப் படிந்த இடம் அது என்று சொல்லலாமா?

ஓய்வுபெற்ற நிலவியலாளர், அரியலூர்:
வணக்கம் அம்மா. அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வேலை பார்த்தவன் நான். பல பொறியாளர்கள் கேட்காத கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள்.

சாத்தனூர் மரம் 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குத் தெரிவித்தது. ஊசியிலை மர வகை. அது படுத்துக் கிடக்கிறது. அடியில் வேரோடிய மண் இல்லை. சுற்றியுள்ள பாறை கடலடியில் படிந்தது. கரையில் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது. நீரில் ஊறிக் கனத்து மூழ்கியது. மணலும் சேறும் மூடின. ஆகவே காடும் உண்மை, கடலும் உண்மை. ஆனால் மரம் கிடக்கும் இடத்தில் காடு இருக்கவில்லை.

ஓர் உயிரின் எச்சத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது வாழ்ந்த இடத்திலேயே புதைந்ததா, அடித்து வரப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும். தெரணியின் வெள்ளைக் களிமண் குழிகளில் டைலோஃபில்லம் என்னும் செடியின் இலைப் பதிவுகள் கிடைக்கின்றன. வேகமாக ஓடும் நீரில் அப்படிப்பட்ட இலை கிழிந்துபோகும். அசையாத நீரில்தான் அப்படிப் படியும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காக உள்ளன. இரண்டு ஓடுகளும் சேர்ந்தே இருந்தால் அது அங்கேயே வாழ்ந்தது. ஒற்றை ஓடுகளாக, குழிந்த பக்கம் கீழே கவிழ்ந்து நிறையக் கிடந்தால் நீரோட்டம் புரட்டிப் போட்டது. சுரங்க முகப்பில் நின்று இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும்.

ஜிப்சத்தைப் பொறுத்தவரை, வேண்டாம் அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். அது நார் நாராக, களிப்பாறையின் வெடிப்புகளில் நரம்புகள் போல ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். வெடிப்பு வந்த பிறகுதான் அதை நிரப்ப முடியும். அந்த ஜிப்சம் சேறு படிந்த காலத்துக்குச் சாட்சி ஆகாது, பின்னால் வந்தது. அம்மோனைட்டும் பெலம்னைட்டும் திறந்த கடலில் வாழ்ந்தவை. மெல்லிய களிமண் அலை எட்டாத ஆழத்தில் படியும். வற்றிய உப்பளத்துக்கு நேர்மாறான சூழல் அது.

திருமழபாடி உழவர்:
ஐயா, ஒரு சந்தேகம். கடல் மேலே ஏறி வந்ததா, நிலம் கீழே இறங்கியதா?

ஓய்வுபெற்ற நிலவியலாளர், அரியலூர்:
இரண்டும் நடந்தன, தம்பி. தென்கண்டங்களும் இந்தியாவும் ஒன்றாக இருந்த கோண்டுவானா நிலப்பரப்பு பிளந்தபோது இந்தியாவின் கிழக்கு ஓரம் விரிந்து தாழ்ந்தது. காவிரிப் படுகை என்று நாங்கள் சொல்லும், மணலும் சேறும் படிந்த பெரும் பள்ளம் பிறந்தது அப்போதுதான். கிரெட்டேசியக் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, உலகெங்கும் கடல் மட்டம் பெரும்பாலும் இன்றைவிட உயர்ந்திருந்தது. ஓர் ஊரின் பாறையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. தொலைவிலுள்ள மற்றப் படுகைகளிலும் அதே காலத்தில் கடல் ஏறியிருந்தால் கடல் மட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மட்டும் ஏறியிருந்தால் நிலத்தின் வேலை.

1894-இல் யோஹான்னஸ் வால்தர் என்ற ஜெர்மன் நிலவியலாளர் ஒரு விதி சொன்னார்: இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சூழல்கள், ஒரு காலத்தில் அருகருகே இருந்தவை. சேற்றுக்குமேல் கரை மணல் வந்தால், கரை கடல் பக்கமாக நகர்ந்திருக்கிறது. 'இடைவெளி இல்லாமல்' என்பதில்தான் கவனம் தேவை. நடுவில் அரிப்பு நடந்து பல லட்சம் ஆண்டுகள் தொலைந்திருந்தால் விதி பொருந்தாது.

பெரம்பலூர் ஆசிரியை:
மிக்க நன்றி ஐயா. அடுத்த முறை எந்த வரிசையில் காட்டுவது?

ஓய்வுபெற்ற நிலவியலாளர், அரியலூர்:
இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருக்கின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போனால், மொத்தத்தில் பழைய பாறையிலிருந்து புதிய பாறைக்குப் போவீர்கள். தெரணியில் தொடங்குங்கள், அது நிலம். கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் கடற்பாசியும்: தெளிந்த, ஆழமில்லாத கடல். காரை: ஆழம். கருடமங்கலத்தில் மணற்கல்லோடு, மெருகேற்றி அலங்காரக் கல்லாக விற்ற சிப்பிக்கல்லும் உண்டு; மீண்டும் ஆழம் குறைந்த கடல். கல்லங்குறிச்சிச் சிப்பிகளைத் தாண்டிக் கல்லமேட்டுக்கு வந்தால், ஆற்று மணலில் டைனோசர் எலும்புகள்; கடல் விலகிவிட்டது. நின்னியூரில் மறுபடியும் கடல், ஆனால் டைனோசர்கள் மறைந்த பிறகு.

சுரங்கங்களுக்கு முன்அனுமதி வாங்குங்கள். ஒவ்வோர் இடத்திலும் பாறையிலுள்ள மணல் மணிகளின் அளவு, நிறம், சிப்பி கிடக்கும் நிலை ஆகியவற்றைப் பிள்ளைகளே தாளில் கீழிருந்து மேலாக வரையட்டும். எதையும் பெயர்த்து எடுக்க வேண்டாம். பெயர்த்துவிட்டால் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.