வேளா மீனைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொண்டிக்காரன்:
வேளா என்றாலே எல்லோரும் அதன் கொம்பைப் பற்றியே பேசுகிறார்கள், ரம்பம் போல இருபுறமும் பல் வைத்த நீண்ட மூக்கு அது. எனக்கு மறக்காதது வேளாவின் குட்டி. பள்ளியில் படித்த காலம். அப்போது தடை எதுவும் கிடையாது. சினை வேளா ஒன்று வலையில் ஏறியது. கரையில் வயிற்றைக் கீறியபோது குட்டிகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் கொம்பு இருந்தது, அதன்மேல் கூழ் போல ஓர் உறை. சித்தப்பா அதை விரலால் வழித்துக் காட்டினார். உள்ளே பல்வரிசை தயாராக இருந்தது. தாயைக் கிழித்துவிடாமல் இருக்கத்தான் அந்த உறை என்றார். ஒரு குட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கடலில் விடவில்லை.

உப்பளத்தெரு:
சுறாக்களில் பலவும் குட்டி போடத்தானே செய்யும், இதில் என்ன வியப்பு? எங்கள் துறையில் வேளாவைச் சுறாக் கணக்கில்தான் ஏலம் விட்டார்கள். பீலிக்கு, அதாவது துடுப்புக்குக் கிடைத்த விலை கறிக்குக் கிடைக்காது. நான் பார்த்தபோது பீலியை அறுத்த பிறகும் வால் அடித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்து மாணவி:
அண்ணாச்சி, ஏலக் கணக்கு எப்படியோ, வேளா திருக்கை இனம். செவுளைப் பாருங்கள். சுறாவுக்குப் பக்கவாட்டில் இருக்கும், இதற்கு அடிப்பக்கம். பாடம் செய்து வைத்திருந்த ஒன்றைத் தரையில் படுத்து, அண்ணாந்து பார்த்தேன். வாய், மூக்கு, ஐந்து ஐந்தாகச் செவுள் பிளவுகள் எல்லாமே அடியில்தான். கொம்பில் ஊசி குத்தியது போலத் துளைகள் நிறைந்திருந்தன. இரையின் உடலில் எழும் மெல்லிய மின்சாரத்தை அவற்றால் உணரும். கலங்கல் நீரில் கண் எதற்கு? கொம்பைப் பக்கவாட்டில் வீசி மீனை அடிக்கிறது, தரையோடு அழுத்தியும் பிடிக்கிறது என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

மன்னார்க்கரை:
எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் கொம்பு தொங்கியது. நடுவில் இரண்டு பற்கள் இல்லை. உயிரோடு இருக்கும்போதே விழுந்தாலும் திரும்ப முளைக்காதாம். பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டு வழிபடுகிறார்களே, அது வேளாக் கொம்பாகத்தான் இருக்கவேண்டும். சாதாரணச் சுறாவிடம் நடுவதற்கு என்ன இருக்கிறது?

முகத்துவாரம்:
கொம்பு அறுக்கப்பட்ட ஒரு வேளாவை அப்பா கடலில் பார்த்திருக்கிறார். மெலிந்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்ததாம். அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வலையில் வேளா சிக்கினால் படகில் ஏற்றாதீர்கள், தண்ணீரிலேயே வையுங்கள். தலைக்குப் பக்கவாட்டில் நிற்கவே கூடாது, கொம்பை வீசும் திசை அது. பற்களைச் சுற்றிய கண்ணிகளை நீளமான கத்தியால் அறுங்கள். அறுக்கவேண்டியது வலையை, கொம்பை அல்ல. கொம்பு போனால் இரை தேடவே திண்டாடும். 2001 முதல் வேளா வனவிலங்குச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொம்பை மட்டும் விற்றாலும் குற்றம். பெரிய பல் வேளாவின் குட்டிகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்பவை. ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் சில ஆண்டுகள் நன்னீரிலேயே இருந்துவிட்டுத்தான் கடலுக்கு இறங்குகின்றன. ஆகவே கழிமுகத்தில் வலை விரிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் குட்டி எந்த வழியாக உள்ளே போகும்? இதையும் யோசியுங்கள்.

உப்பளத்தெரு:
தம்பி, வலையை அறு என்று சொல்வது எளிது. ஒரு திருக்கை வலை என்ன விலை தெரியுமா? அந்தக் காசை யார் தருவார்கள்?

தொண்டிக்காரன்:
கடற்பசுவை விடுவித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் வெகுமதி கொடுத்திருக்கிறார்கள், அண்ணாச்சி. வேளாவுக்கும் அதையே கேட்போம். வெகுமதி கூடப் பிறகு வரட்டும், முதலில் வலைக்காசு.