நியூஸ்லெட்டர்ல யாருமே சேர மாட்டேங்குறாங்க, என்ன பண்ணலாம்?

தொட்டிச்செடி:
வணக்கம் நண்பர்களே. மாடித்தோட்டம் பத்தி தமிழ்ல ஒரு சைட் நடத்துறேன், மூணு வருஷம் ஆச்சு. மாவுப்பூச்சிக்கு என்ன அடிக்கிறதுன்னு கூகுள்ல தேடி வராங்க, படிக்கிறாங்க, போயிடுறாங்க, அப்புறம் இந்தப் பக்கமே வர்றதில்ல. சரி மாசம் ஒரு மெயில் அனுப்பலாம்னு ஃபார்ம் வச்சேன், பேஜ் திறந்ததும் பாப்அப் வரும், பேரு ஊரு போன் நம்பர் மெயில் நாலும் கேக்கும். ரெண்டு மாசத்துல 11 பேர்தான், அதுல மூணு பேர் சொந்தக்காரங்க. பேசாம வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிடலாமா?

வேப்பங்காய்:
முதல்ல அந்த பாப்அப்ப தூக்குங்க சகோ. செடி வாடுதேன்னு பதறி வர்றவங்க ஒரு வரி படிக்கிறதுக்குள்ள போன் நம்பர் கேட்டா எப்படி? வந்ததும் மொபைல் ஸ்க்ரீன மறைக்குற பாப்அப் இருந்தா தேடல்ல பின்னாடி போக வாய்ப்பிருக்குன்னு கூகுளே 2017 ஜனவரில இருந்து சொல்லுது. ஃபார்ம கட்டுரை முடியுற எடத்துல வைங்க. வேப்பெண்ணெய் கரைசல் எப்படி கலக்குறதுன்னு கடைசி வரைக்கும் படிச்சவங்களுக்குத்தான் உங்க மேல நம்பிக்கை வந்திருக்கும். மெயில் மட்டும் கேளுங்க, போன் நம்பர் குடுத்தா லோன் வேணுமான்னு கால் வரும்னு எல்லாருக்கும் பயம்.

கீரைப்பாத்தி:
எனக்குத் தோணுறது வேற. நியூஸ்லெட்டர்ல சேருங்கன்னு மட்டும் போட்டா என்ன கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? பூச்சி வந்தா கூகுள்ல தேடிக்குவாங்க, ஆனா விதைக்குற பட்டம் வருது விதை வாங்கி வைன்னு யாரும் அவங்களுக்கு ஞாபகப்படுத்துறதில்ல, அத நீங்க பண்ணுங்க. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆடி பாதி போன பிறகுதான் விதை தேடி அலையுறோம், நானே போன வருஷம் அவரை விதை போடாம விட்டேன். ஆனி கடைசில ஒரு மெயில் வந்திருந்தா எவ்ளோ நல்லாருக்கும்! வெண்டை, கத்தரி, அவரை, புடலை எதுக்கு எவ்ளோ பெரிய தொட்டி, எத்தனை நாள்ல முளைக்கும்னு ஒரே பக்கத்துல அட்டவணை போட்டு சேர்றவங்களுக்கு உடனே அனுப்புங்க. நான்லாம் அதுக்காகவே சேருவேன்.

சர்வர்பையன்:
வாட்ஸ்அப் குரூப் வேணாங்க, உங்க நம்பர் எல்லார்கிட்டயும் போயிடும், 1024 பேருக்கு மேல சேக்கவும் முடியாது. மெயில்லயே இருங்க, ஆனா பதிவு பண்ணதும் உறுதிப்படுத்த ஒரு லிங்க் அனுப்புங்க, தப்பா டைப் பண்ண அட்ரஸ் அங்கயே கழிஞ்சிடும். இன்னொன்னு, 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் ரொம்ப கண்டிப்பு, உங்க டொமைனுக்கு, அதாவது சைட் முகவரிக்கு, எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் செட் பண்ணிடுங்க, மெயில் நிஜமாவே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டுற அமைப்புங்க அது, இல்லன்னா அட்டவணை ஸ்பாம்லதான் கிடக்கும். விலகுற லிங்க ஒளிச்சு வைக்காதீங்க, வழி தெரியாதவங்க ஸ்பாம்னு அமுக்கிடுவாங்க, அது மத்தவங்களுக்குப் போற மெயிலையும் பாதிக்கும். எத்தனை பேர் திறந்தாங்கன்ற எண்ணிக்கையையும் ரொம்ப நம்பாதீங்க, மெயில்ல இருக்குற படம் இறங்குறத வச்சுதான் அத எண்ணுறாங்க, 2021ல இருந்து ஆப்பிள் மெயில் படங்கள தானாவே இறக்கிடுறதால திறக்காததும் திறந்ததா காட்டும். பதில் எழுதுறாங்களான்னு பாருங்க.

தொட்டிச்செடி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பாப்அப்ப இப்பவே எடுத்துட்டேன், மெயில் கட்டம் மட்டும் கட்டுரைக்குக் கீழ. பட்டன்ல "ஆடிப்பட்ட அட்டவணை எனக்கு அனுப்புங்க"ன்னு போட்டிருக்கேன். கீரைப்பாத்தி அக்கா, அவரைக்கு எத்தனை லிட்டர் தொட்டி வைப்பீங்க? அதையும் சேத்துட்டு இன்னிக்கு ராத்திரியே அட்டவணைய முடிச்சிடுறேன்.